பனிக்குள் போய்த் திரும்பும் ரேடார்: எந்த மாடலை எடுப்பது?

கோவை, பெருந்துறை, ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளில் தொலையுணர்வு புராஜெக்ட் எடுக்கிற மாணவர்கள் துருவப் பனிக்குள் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி: "ஏனுங்க சார், பிரவுன் மாடலே போதாதுங்களா?" செயற்கைக்கோளிலுள்ள ரேடார் ஆல்டிமீட்டர் துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து உயரம் அளக்கிறது. அந்த எதிரொலியின் வடிவத்தைக் கணிக்கும் கணக்குதான் மாடல், அதில் பழையது பிரவுன் மாடல். திறந்த கடலுக்குப் போதும். அன்டார்க்டிகா, கிரீன்லாந்து பனிவிரிப்புக்குப் பாதி போதும். கடல்மேல் மிதக்கும் பனிக்கட்டிக்குப் போதவே போதாது. போதாத இடத்தில் எதை எடுப்பது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்க்காமல் நேராகக் கடைக்குப் போய் ஏழரை எச்பி மோட்டார் கேட்பவர் கொங்கு நாட்டில் இல்லை. மாடல் தேர்வுக்கும் அதே ஒழுங்குதான். தெரிய வேண்டியது பனிவிரிப்பின் உயரமா, கடல் பனிக்கட்டியின் கனமா, பனித் துகளின் அளவா? அதை முடிவு செய்த பிறகுதான் மாடல்.

இதோடு சேர்த்து மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆல்டிமீட்டர் தரும் ஒரு வேவ்ஃபார்மிலிருந்து, அதாவது எதிரொலியின் சக்தி நேரப்படி ஏறி இறங்கும் கோட்டிலிருந்து, ஒன்றையொன்று சாராத எண்கள் மூன்று, மிஞ்சிப்போனால் நான்குதான் எடுக்கலாம்: ஏறுமுகம் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது, உச்சம் எவ்வளவு, வால் எவ்வளவு வேகமாகச் சரிகிறது. பத்துத் தெரியாத அளவுகள் உள்ள மாடலை இதன்மேல் பொருத்தினால் கோடு அழகாகப் பொருந்தும், விடை தவறாக வரும். கீழே சொல்லும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சொல்லில் ஒரு எச்சரிக்கை. மார்கழியில் தோட்டத்துப் புல்லில் நிற்பதும் நமக்குப் பனிதான், ஊட்டியில் விடியற்காலையில் வெளுத்துக் கிடப்பதும் பனிதான், அன்டார்க்டிகாவில் கிலோமீட்டர் கணக்கில் கிடப்பதும் பனிதான். ரேடாருக்கு இவை வேறு வேறு பொருள். இங்கே பனி என்றால் விழுந்து படிந்தது, கன மீட்டருக்குப் பெரும்பாலும் 300 முதல் 400 கிலோ. அது அழுந்தி இறுகினால் இறுகுபனி. காற்றுத் துளைகள் மூடிக் கெட்டியானால் கட்டி. துளையே இல்லாத கட்டி 917 கிலோ.

சிக்னல் எதைப் பார்க்கிறது

ஐரோப்பிய ஆல்டிமீட்டர் செயற்கைக்கோளான கிரையோசாட்-2 2010 ஏப்ரல் 8 அன்று ஏவப்பட்டது. சுமார் 717 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதிர்வெண் 13.575 கிகாஹெர்ட்ஸ், அதாவது கேயு பட்டை. அலைநீளம் 22 மி.மீ. அலைக்கற்றை அகலம் 320 மெகாஹெர்ட்ஸ் என்பதால் ஒரு ரேஞ்ச் கேட், அதாவது எதிரொலியைத் தூரப்படி பிரித்துப் பதியும் ஒரு படி, 47 செ.மீ. தாழ்பிரிதிறன் முறையில், அதாவது எல்ஆர்எம்மில், 128 கேட், மொத்தம் 60 மீட்டர் ஜன்னல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20 மூலம் 2013 பிப்ரவரி 25 அன்று போன இந்திய-பிரெஞ்சு சரல் செயற்கைக்கோளில் இருப்பது ஆல்டிகா என்ற ஆல்டிமீட்டர். அது கேஏ பட்டை, 35.75 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 8.4 மி.மீ.

திருப்பூர்ப் பக்கம் பஞ்சுப் பொதி பார்க்காதவர் கிடையாது. பொதியின்மேல் டார்ச்சை வைத்து அடித்தால் ஒளி மேல் நாரோடு நிற்காது. உள்ளே இறங்கி, நாருக்கு நார் மோதி, சுற்றிலும் மங்கலாக ஒளிர்ந்து திரும்பும். காய்ந்த பனிக்குள் கேயு அலை செய்வதும் அதேதான், ஆனால் மீட்டர் கணக்கில். அடர்த்தி 350 கிலோ என்றால் பனியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.30. ஐந்து மீட்டர் ஆழத்தில் உள்ள துகளிலிருந்து திரும்பும் எதிரொலி, ரேடாரின் பார்வையில் 6.5 மீட்டர் கீழே இருந்து வந்ததாகத் தெரியும். கேட் கணக்கில் அது மேற்பரப்புக்கு 14 கேட் பின்னால். இந்த 14 கேட்டிலும் பரவிக் கிடக்கும் சக்திதான் வாலைத் தூக்கி நிறுத்துகிறது, ஏறுமுகத்தையும் சாய்த்துவிடுகிறது.

துகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் படியில் ஏறும். 35.75ஐ 13.575ஆல் வகுத்து நான்காம் படிக்கு உயர்த்தினால் 48. ஒரே பனி, ஒரே துகள், ஆனால் கேஏ பட்டையில் 48 மடங்கு சிதறல். அதனால் ஆல்டிகா அலை மேலடுக்கிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதெல்லாம் காய்ந்த பனிக்கு. பனியில் துளி ஈரம் ஏறினாலே உட்புகல் செத்துவிடும். 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேட்டுப் பகுதி உட்பட ஏறக்குறைய முழுப் பரப்பும் உருகி, பிறகு உறைந்து உள்ளே கட்டி அடுக்கானது. அதன்பின் கிரையோசாட் காட்டிய உயரம் உள்நாட்டுப் பகுதிகளில் அரை மீட்டரளவு எகிறியது. அத்தனை பனி அங்கே விழவில்லை. எதிரொலி வரும் இடம்தான் மேலே வந்துவிட்டது. எந்த மாடலை எடுத்தாலும் இந்த நிகழ்வைக் கொடுத்துப் பாருங்கள். அதை விளக்க முடிகிறதா என்பது நல்ல உரைகல்.

வழி ஒன்று: மாடலே இல்லாமல் திரெஷோல்டு ரீட்ராக்கர்

வேவ்ஃபார்மின் உச்சத்தில் 20 சதமோ 50 சதமோ தொடும் இடத்தை மேற்பரப்பு என்று எடுத்துக்கொள்வது. ஓசிஓஜி, டிஎஃப்எம்ஆர்ஏ எல்லாம் இந்தக் குடும்பம். எழுத நூறு வரி பைத்தான் போதும், சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

பலவீனம் சதவீதத்தில்தான் ஒளிந்திருக்கிறது. உட்சிதறலால் ஏறுமுகம் 4 கேட் அகலத்துக்குச் சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். திரெஷோல்டை 20லிருந்து 50க்கு மாற்றினால் மேற்பரப்பு 1.2 கேட் நகரும், அதாவது 56 செ.மீ. ஆனால் பத்து வருட உயர மாற்றப் போக்கு மட்டும்தான் வேண்டுமென்றால் இந்தப் பிழை பெரும்பகுதி கழித்தலில் போய்விடும், பனியின் குணம் மாறாதவரை. பனிவிரிப்புக்குத் தாழ்ந்த திரெஷோல்டு நல்லது. ஏறுமுகத்தின் அடிப்பகுதி முழுக்க மேற்பரப்பிலிருந்தே வருகிறது, உட்சிதறல் கலக்கப் பிந்துகிறது.

வழி இரண்டு: பிரவுனும் உட்சிதறலும்

1977ல் பிரவுன் கொடுத்த அமைப்பு மூன்று சார்புகளின் கான்வல்யூஷன், அதாவது ஒன்றை மற்றொன்றின்மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் கணக்கு: தட்டையான பரப்பின் மறுமொழி, ரேடார் துடிப்பின் வடிவம், பரப்பின் உயரப் பரவல். 1988ல் ரிட்லியும் பார்ட்டிங்டனும் இதற்குள் பனியின் உட்சிதறலைக் கொண்டுவந்தார்கள். ஆழம் போகப் போக அடுக்குக்குறியாகத் தேயும் ஒரு துண்டைச் சேர்ப்பதுதான் சாரம். அந்தத் தேய்வின் வேகத்தைச் சொல்லும் எண்தான் ஒளியழிவுக் குணகம்.

கையால் எழுதிப் பழக இதைவிட நல்ல மாடல் இல்லை. ஆனால் எழுதும்போது வழக்கமாக விழும் குழிகள் உண்டு. உட்சிதறல் துண்டில் ஆழத்தை ஒளியின் வெற்றிட வேகத்தில் நேரமாக மாற்றிவிடுவார்கள். ஒளிவிலகல் எண்ணால் பெருக்காவிட்டால் ஒளியழிவுக் குணகம் முப்பது சதம் பிழையாக வரும், கோடு மட்டும் பொருந்தியிருக்கும். அடுத்தது, கான்வல்யூஷனை 47 செ.மீ. கேட்டிலேயே செய்வது. குறைந்தது பத்து மடங்கு நுணுக்கமான படியில் செய்து கடைசியில் கேட்டுக்குச் சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறுமுகம் படிக்கட்டாக நிற்கும்.

பெரிய சிக்கல், தெரியாத அளவுகள் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொள்வது. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தாலும் ஏறுமுகம் சாயும், அலை உள்ளே புகுந்தாலும் சாயும். இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்தினால் ஒரு வேவ்ஃபார்மில் சொரசொரப்பு 40 செ.மீ., அடுத்ததில் 5 செ.மீ. என்று தாவும். ஒன்றைக் கட்டிப் போடத்தான் வேண்டும். பனிவிரிப்பில் ஒளியழிவுக் குணகத்தை அந்தப் பகுதிக்கு ஒரே எண்ணாக நிறுத்தி, மற்ற நான்கை விடுவது நடைமுறையில் நிலைக்கிறது.

ஒன்று மறக்கக் கூடாது. பிரவுன் எல்ஆர்எம்முக்கு உரியது. கிரையோசாட்டின் இன்னொரு முறையான சார் (SAR) முறையின் வேவ்ஃபார்ம் டாப்ளர் கற்றைகளாகப் பிரித்துச் சேர்த்தது. அதன் உச்சம் கூர்மையானது, வால் சட்டென்று விழும். அதற்கு சமோசா (SAMOSA) என்ற மாடல் குடும்பம் இருக்கிறது. சார் தரவின்மேல் பிரவுனைப் பொருத்தி, 'பனி உள்ளே சிதறவே இல்லை' என்று முடிவெழுதினால் அது ரேடாரின் குணத்தைப் பனியின்மேல் ஏற்றியதாகும்.

வழி மூன்று: எஸ்எம்ஆர்டி

பிக்கார்ட், சாண்டெல்ஸ், லோவே மூவரும் 2018ல் வெளியிட்ட திறந்த மூல பைத்தான் மாடல் இது; பனிக்குள் நுண்ணலை எப்படிப் பரவிச் சிதறுகிறது என்று கணக்கிடும். பனியை அடுக்கடுக்காகச் சொல்ல வேண்டும்: ஒவ்வோர் அடுக்குக்கும் கனம், அடர்த்தி, வெப்பநிலை, நுண்ணமைப்பு. அன்டார்க்டிகா எல்ஆர்எம் வேவ்ஃபார்முக்கான பகுதி 2021ல் வந்தது. கேயு, கேஏ இரண்டையும் ஒரே பனிக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்பதே இதன் பெரிய பலம். பிரவுனில் வெறும் எண்ணாக இருந்த ஒளியழிவுக் குணகம் இங்கே துகளிலிருந்து கணக்காகி வருகிறது.

நுண்ணமைப்பைக் கொடுக்கும் இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். களத்தில் அளப்பது ஒரு கிலோ பனிக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பு என்பதை. மாடல் கேட்பதோ தொடர்பு நீளம், அதாவது துகளும் காற்றும் கலந்த அமைப்பின் நீள அளவு. ஒரு கிலோவுக்கு 20 சதுர மீட்டர், அடர்த்தி 350 என்று எடுத்தால்: பனியின் கன அளவுப் பங்கு 350/917 = 0.38. காற்றின் பங்கான 0.62ஐ நான்கால் பெருக்கி, 917 பெருக்கல் 20ஆல் வகுத்தால் 0.135 மி.மீ. காய்ந்த பனிக்கு வழக்கமாகப் போடும் 0.75ஆல் பெருக்கினால் 0.10 மி.மீ. இந்த எண்ணை மீட்டரில் கொடுக்க வேண்டும், அதாவது 0.0001. இதை மில்லிமீட்டரில் கொடுத்துவிட்டு, வேவ்ஃபார்ம் ஏன் இப்படிக் கோணலாகிறது என்று ரேடார் பகுதியைத் துருவிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும்.

அடுத்த கண்ணி மேற்பரப்பின் நுண் சொரசொரப்பு. நேர்கீழ்ப் பார்வையில் பின்சிதறல், அதாவது வந்த வழியே ரேடாருக்குத் திரும்பும் சக்தியின் அளவு, பரப்பின் எதிரொளிப்புத் திறனைச் சராசரிச் சரிவு வர்க்கத்தால் வகுத்தது. 350 கிலோ பனியின் எதிரொளிப்பு 0.0166. சரிவு வர்க்கம் 0.01 என்றால் பின்சிதறல் 2.2 டெசிபெல், 0.001 என்றால் 12.2 டெசிபெல். சரிவு வர்க்கம் பத்து மடங்கு மாறினால் மேற்பரப்பு எதிரொலியும் பத்து மடங்கு மாறுகிறது, உட்சிதறல் அப்படியே நிற்கிறது. காற்று ஒரே இரவில் சீவிவிட்டுப் போகும் சென்டிமீட்டர் அளவிலான கோடுகள்தான் இந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. அதை அளந்து வைத்த இடங்கள் மிகக் குறைவு. ஆகவே எஸ்எம்ஆர்டியில் துகள், அடர்த்தி எல்லாவற்றையும் களத் தரவிலிருந்து கொடுத்துவிட்டு, இந்தச் சரிவு வர்க்கம் ஒன்றை மட்டும் பொருத்தலில் மாற விடுங்கள்.

அலைநீளத்தைவிட மெல்லிய அடுக்குகளையும் கவனியுங்கள். பனிக்குள் கேயு அலைநீளம் சுமார் 17 மி.மீ. அதைவிட மெல்லிய கட்டிப் பாளங்களில் மேல், கீழ் எதிரொலிகள் ஒன்றோடொன்று குறுக்கிடும்; சக்தியை மட்டும் கூட்டும் கணக்கு அங்கே பிழையாகும். ஐந்து மி.மீ. பாளங்களை அள்ளிப் போட்டு அடுக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது துல்லியத்தைக் கூட்டாது.

களத் தரவு இல்லாமல் இதை எடுக்காதீர்கள். கோவையில் உட்கார்ந்து பனிக்குழி வெட்ட முடியாது. வெளியிடப்பட்ட அடர்த்தி, துகள் விவரம் உள்ள இடமாகப் பார்த்து வேலையை அங்கே நிறுத்த வேண்டும். கிழக்கு அன்டார்க்டிகாவின் டோம் சி அப்படிப்பட்ட ஓர் இடம். தட்டையானது, கோடையிலும் உருகாதது, நிலையம் இருப்பதால் அளவுகள் உண்டு.

வழி நான்கு: முக்கோணத் துண்டுகள்

கடல் பனிக்கட்டிக்கு மேலே சொன்ன மூன்றும் தடுமாறும். ரேடார் ஒரு நேரத்தில் பார்க்கும் பரப்பான ஒரே கால்தடத்துக்குள் மொட்டைப் பனிக்கட்டி, முட்டி மோதி எழுந்த மேடு, நடுவே பிளவில் நிற்கும் தண்ணீர் எல்லாம் இருக்கும். பிளவு நீர், காற்றடங்கிய காலையில் பவானிசாகர் அணைத் தண்ணீர் தெரிவதுபோல ரேடாருக்குக் கண்ணாடி. கால்தடத்தில் அதன் பங்கு மிகச் சிறியதாக இருந்தாலும் எதிரொலி முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

லாண்டியும் கூட்டாளிகளும் 2019ல் வெளியிட்ட வழியில், செயற்கையாக ஒரு பனிக்கட்டிப் பரப்பை முக்கோணங்களாக வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பும் சக்தியை நேரப்படி கூட்டுகிறோம். உயரங்கள் மணிவளைவுப் பரவலில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. மேடுகள் நிறைந்த பரப்புக்கு, ஒரு பக்கம் வால் நீண்ட லாக்நார்மல் பரவலைக் கொடுக்கலாம். சொரசொரப்பைப் பிழையாக எடுத்தால் ஏறுமுகத்தில் மேற்பரப்பு எந்த இடம் என்பதே நகர்ந்துவிடும் என்பதால் இது அலங்காரமல்ல, அவசியம்.

விலை கணினிக்கு. பத்து கி.மீ. சதுரத்தை 5 மீட்டர் கட்டமாகப் பிரித்தால் 40 லட்சம் புள்ளி, 80 லட்சம் முக்கோணம். ஒரு முக்கோணத்துக்குப் பத்து எண் வைத்தால் 640 மெகாபைட். ஒரு முறை ஓட்ட 16 ஜிபி நினைவகம் உள்ள கணினி தாங்கும், ஆனால் டாப்ளர் கற்றை ஒவ்வொன்றுக்கும் ஆண்டெனா எடையை மாற்றி மாற்றிக் கூட்ட வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த முக்கோணத்தை 50 மீட்டராக்கலாமே என்று தோன்றும். கூடாது. நேர்கீழிலிருந்து 5 கி.மீ. தள்ளி உள்ள 50 மீட்டர் முக்கோணத்தின் இரு முனைகளுக்கும் தூர வித்தியாசம் 39 செ.மீ.; சார் முறைத் தரவில் கேட்டோ பாதியாகப் பிரிக்கப்பட்டு 23 செ.மீ. ஒரே முக்கோணம் இரண்டு கேட்டில் விழுந்து வால் முழுக்கப் பல் பல்லாகும். ஐந்து மீட்டரில் அந்த வித்தியாசம் 4 செ.மீ.தான்.

ஒவ்வொரு வேவ்ஃபார்முக்கும் இதை ஓட்டிப் பொருத்த முடியாது. சொரசொரப்பு, பின்சிதறல் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி, கிடைத்த வடிவங்களை அட்டவணையாக வைத்துக்கொண்டு தேடுவதே வழி.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கனக் கணக்கைப் பாருங்கள். கடல்நீர் 1024 கிலோ, முதலாண்டுக் கட்டி 917 கிலோ. நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் கட்டி 20 செ.மீ., அதன்மேல் 300 கிலோ அடர்த்தியில் 30 செ.மீ. பனி. கட்டியின் கனம் 2.75 மீட்டர் வரும். அந்த 20 செ.மீ.யை 25 என்று தவறாகப் படித்தால் கனம் 3.23 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் பிழை அரை மீட்டராகிறது. இதோடு, 30 செ.மீ. பனிக்குள் அலை மெதுவாகப் போவதால் மட்டும் 7 செ.மீ. திருத்தம் சேர்க்க வேண்டும். கேயு அலை பனியைத் தாண்டிக் கட்டி வரை போகிறது என்பது இந்தக் கணக்கின் அடிப்படை அனுமானம். பனியின் அடியில் உப்பு ஏறியிருந்தால் அது பொய்யாகும்.

எந்த மாடலும் தப்பிக்காத ஒன்று: சரிவு

பனிவிரிப்பின் ஓரங்களில் தரை அரை டிகிரி சாய்ந்திருந்தாலே, முதல் எதிரொலி நேர்கீழிலிருந்து வராது. 6 கி.மீ. தள்ளி மேட்டுப் பக்கத்திலிருந்து வரும். திருத்தாவிட்டால் உயரம் 27 மீட்டர் பிழை. ஒரு டிகிரியில் 12.5 கி.மீ., 109 மீட்டர். உட்சிதறலுக்காகச் சென்டிமீட்டர் கணக்கில் மல்லுக்கட்டும் நாம் இதை முதலில் தீர்க்க வேண்டும். ரேமா, ஆர்க்டிக்டெம் போன்ற உயர வரைபடங்களை வைத்து முதல் எதிரொலிப் புள்ளியைத் தேடிப் பிடியுங்கள். சரிவு வாலின் வடிவத்தையும் மாற்றும், குறிப்பாகக் கற்றை குறுகிய ஆல்டிகாவில். சரிவுள்ள இடத்தில் வால் சரிவதை வைத்துப் பனித்துகள் அளவு சொல்வது நம்பத்தக்கதல்ல.

எங்கள் தேர்வு

ஆறு மாத எம்இ புராஜெக்ட், பனிவிரிப்பின் உயர மாற்றம் என்றால் வழி ஒன்று, அதோடு 2012 போன்ற உருகல் ஆண்டுகளைத் தனியே பிரித்துப் பார்ப்பது. பனியின் உள்குணம் வேண்டுமென்றால் டோம் சி போன்ற தட்டையான இடத்தில் எஸ்எம்ஆர்டி, கேயு-கேஏ இரண்டையும் சேர்த்து. ஆல்டிகா தரவு அகமதாபாத்திலுள்ள இஸ்ரோ மையத்தின் மாஸ்டாக் தரவுத் தளத்திலேயே கிடைக்கும். கடல் பனிக்கட்டியின் கனம் என்றால் முக்கோண மாடல்தான், ஆனால் அதற்கு முனைவர் பட்ட அளவு காலம் வேண்டும். பிரவுனும் உட்சிதறலும் எல்லோரும் முதல் மாதத்தில் எழுதிப் பார்க்க வேண்டியது. முடிவாக வெளியிட அல்ல, எந்த அளவு எந்த அளவோடு ஒட்டிக்கொள்கிறது என்று கையில் தெரிய.

எதை எடுத்தாலும் உண்மைத் தரவைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த எண்களைக் கொடுத்து மாடலிலிருந்து ஒரு வேவ்ஃபார்ம் உண்டாக்குங்கள். அதன்மேல் புள்ளி இரைச்சலை, அதாவது எதிரொலிகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் ஏற்ற இறக்கத்தை, ஏற்றுங்கள். எல்ஆர்எம்மில் சுமார் 90 எதிரொலிகளின் சராசரி என்பதால் அது ஏறக்குறைய 10 சதம். கூட்டல் இரைச்சலாக அல்ல, ஒவ்வொரு கேட்டின் சக்தியோடும் பெருக்கும் இரைச்சலாக; கூட்டினால் ஏறுமுகத்தின் அடி தேவையில்லாமல் கெட்டு, உச்சம் உண்மையைவிடச் சுத்தமாகத் தெரியும். பிறகு அதே மாடலால் திரும்பப் பொருத்துங்கள். இதை 500 முறை வெவ்வேறு இரைச்சலோடு செய்து, திரும்பி வந்த அளவுகளை இரண்டிரண்டாக வரைந்து பாருங்கள். இரண்டு அளவுகள் ஒரே கோட்டில் நீண்டு கிடந்தால், ஒட்டுறவு 0.9ஐத் தாண்டினால், அந்த இரண்டில் ஒன்றை வெளித் தரவிலிருந்து எடுத்து நிறுத்திவிட்டு மறுபடியும் 500 முறை ஓட்டுங்கள்.